கிழக்குக் கடற்கரைச் சாலை: வரைபடம் மாறும்போது நம் ஊர்கள் எங்கே?

2025 ஆகஸ்ட் 8 அன்று மரக்காணம் – புதுச்சேரி இடையிலான 46 கிலோமீட்டர் சாலையை 2,157 கோடி ரூபாய் செலவில் நான்குவழியாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்குச் சுமார் ஐந்து வாரங்களுக்கு முன், ஜூலை 1 அன்று, பரமக்குடி – இராமநாதபுரம் இடையே 46.7 கிலோமீட்டருக்கு 1,853 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் வரும் சாலையில் நான்குவழிப் பணி ஆண்டுக்கணக்கில் நடந்து வருகிறது.

செய்தித்தாளில் இவை தனித்தனிச் செய்திகள். ஆனால் தமிழகக் கடற்கரையின் வரைபடத்தை விரித்து வைத்து இவற்றைக் குறித்துப் பாருங்கள். வடக்கிலிருந்து ஒரு கோடு நாகை வரை இறங்கி வருகிறது. மேற்கிலிருந்து ஒரு கோடு இராமநாதபுரம் வரை வருகிறது. இடையிலும் தெற்கிலும் மீதமிருப்பது எது? முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி. நம் ஊர்கள் மணிமாலை போல வரிசையாக அமைந்த பகுதி. அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலை இன்னும் பெரும்பாலும் இருவழிச் சாலைதான். அகலப்படுத்தும் வேலை இன்றில்லாவிட்டாலும் சில ஆண்டுகளில் அங்கும் வந்து நிற்கும் என்பது என் கணிப்பு. அப்போது யார் நிலம் போகும், எந்த ஊர் சாலையோடு இருக்கும், எந்த ஊர் சாலையை விட்டு விலகிப் போகும் என்பதெல்லாம் முடிவாகிவிடும். அந்த முடிவு எடுக்கப்படும் நேரத்தில் நம் ஜமாஅத்துகள் ஆயத்தமாக இருக்கின்றனவா என்பதுதான் என் கேள்வி.

முதலில் இந்தச் சாலை எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வோம். ஏனென்றால் நம் முன்னோர்களுக்கு இப்படி ஒரு சாலை தேவைப்படவே இல்லை.

அவர்களுக்குக் கடல்தான் சாலை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயலைக் கண்டு எழுதினார். பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா மஅபர் என்று அரபிகள் அழைத்த இந்தக் கரையில் இறங்கினார். பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையின் வள்ளல் சீதக்காதியின் வணிகம் கடல் வழியாகத்தான் நடந்தது. மரக்காயர் என்ற பெயரையே மரக்கலத்தோடு சேர்த்துப் பேசுவது நம் வழக்கம். நாகூரிலிருந்து தொண்டிக்கும், தொண்டியிலிருந்து கீழக்கரைக்கும், அங்கிருந்து காயலுக்கும் இலங்கைக்கும் தோணியில் போவதுதான் எளிது. ஆகவே ஊர்கள் கடலைப் பார்த்து நின்றன. நிலவழிகள் எல்லாம் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு, கிழக்கிலிருந்து மேற்காக ஓடின. அதிராம்பட்டினத்திலிருந்து பட்டுக்கோட்டைக்கு, தொண்டியிலிருந்து மதுரை நோக்கி, கீழக்கரையிலிருந்து இராமநாதபுரத்துக்கு. சரக்கு இறங்கும்; வண்டி ஏறும்; உள்நாட்டுச் சந்தைக்குப் போகும். கடலோரமாகவே வடக்கிலிருந்து தெற்காக ஒரு பெருவழி போட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. நடுவில் ஆற்று முகத்துவாரங்கள், உப்பளங்கள், அலையாத்திக் காடுகள் வேறு.

ஒரு விதிவிலக்கு உண்டு. இராமேசுவரத்துக்குப் போகும் இந்து யாத்ரீகர்களின் பாதை. தஞ்சை மராட்டிய மன்னர்கள் அந்த வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். சேதுபாவாசத்திரம் என்ற ஊர்ப் பெயரிலேயே அந்தச் சத்திரம் இன்றும் இருக்கிறது. அதற்கு அருகில், மல்லிப்பட்டினத்தை ஒட்டி, இரண்டாம் சரபோஜி மன்னர் நெப்போலியன் மீது ஆங்கிலேயர் பெற்ற வெற்றியின் நினைவாகக் கட்டிய மனோரா கோபுரம் நிற்கிறது. மனோரா என்பது நம் பள்ளிவாசல்களில் நாம் சொல்லும் மினாராதான். ஒரு மராட்டிய மன்னர், பிரெஞ்சுக்காரர் மீது ஆங்கிலேயர் பெற்ற வெற்றிக்கு, அரபுப் பெயரில், தமிழ்க் கடற்கரையில் எழுப்பிய கோபுரம். இந்தக் கரையின் கலப்பைச் சொல்ல அது ஒன்றே போதும்.

கடல்வழி அடைபட்ட கதையைப் பெரியவர்கள் வீடுகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இலங்கைக்கான படகு – ரயில் தொடர்பு பழைய வடிவில் மீளவில்லை. 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தது. நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றிச் சென்ற பயணிகள் கப்பல் போக்குவரத்து அதோடு முடிவுக்கு வந்தது. கடலைப் பார்த்து நின்ற ஊர்கள் திடீரென்று முதுகைத் திருப்பி நிலத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. சபர் போகிறவர்கள் திருச்சி, சென்னை விமான நிலையங்களுக்குப் பேருந்து ஏறினார்கள்.

அந்த இடைவெளியில்தான் இந்தச் சாலை வருகிறது. புதிதாக ஒரே மூச்சில் போட்ட சாலை அன்று இது. மீனவக் கிராமங்களை இணைத்த சிறு சாலைகள், பஞ்சாயத்துச் சாலைகள், மாவட்டச் சாலைகள் இவற்றை அகலப்படுத்தி, விட்டுப்போன இடத்தில் இட்டு நிரப்பி, ஒட்டுப்போட்ட துணி போலத் தைத்தார்கள். சென்னையிலிருந்து புதுச்சேரி வரையான பகுதி ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு தொண்ணூறுகளில் போடப்பட்டது. மரங்கள் வெட்டப்படுவதையும் கடலோரச் சூழல் கெடுவதையும் எதிர்த்துச் சூழலியல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. வழக்குகளைக் கடந்து 1998-ல் அது திறக்கப்பட்டது. பிறகு தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் அதை எடுத்துச் சீரமைத்து, 2002 முதல் சுங்கம் வசூலித்தது. மாநில நெடுஞ்சாலை 49 என்பது அப்போது அதன் எண்ணாக இருந்தது.

நம் பக்கம் வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 2003-ல் உலக வங்கி ஒப்புதல் அளித்த தமிழ்நாடு சாலைத் துறைத் திட்டத்தில்தான் நாகையிலிருந்து கட்டுமாவடி, இராமநாதபுரம் வழியாகத் தூத்துக்குடி வரையான பகுதி துண்டு துண்டாக மேம்படுத்தப்பட்டது. இடையில் 2004 டிசம்பர் 26 வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆழிப்பேரலையில் இறந்தார்கள். கடலோரத்துக்கு ஒழுங்கான சாலை இல்லாவிட்டால் நிவாரணம் எவ்வளவு தாமதமாகும் என்பதை அரசு அன்று நேரில் கண்டது. சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ஏறத்தாழ 690 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் ஈ.சி.ஆர். இப்படித்தான் உருவானது.

இந்தச் சாலை நமக்குச் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நன்றியில்லாத்தனம். தொண்டிக்கும் கீழக்கரைக்கும் ரயில் கிடையாது. காரைக்குடியிலிருந்து இராமநாதபுரம், தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரிக்கு ஒரு கடலோர ரயில் பாதை வரும் என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள், இன்னும் வரவில்லை. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை இராமநாதபுரத்துக்கோ தஞ்சாவூருக்கோ கொண்டுபோக இருப்பது சாலை ஒன்றுதான். கீழக்கரையில் 1988-ல் தொடங்கிய தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி போன்ற நிறுவனங்களுக்குச் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பெண் பிள்ளைகள் தினமும் போய் வர முடிவது சாலையால்தான். பெண் படித்துவிட்டு மக்ரிபுக்குள் வீடு திரும்ப முடிகிறது என்ற ஒரே நம்பிக்கையில் எத்தனை வாப்பாமார்கள் சம்மதித்திருக்கிறார்கள்!

பாதிப்பும் உண்டு. சாலை ஊருக்கு வெளியே ஒதுங்கிப் போன இடங்களில் பழைய கடைத்தெரு மெலிந்து, புதிய கடைகள் ஈ.சி.ஆர். ஓரத்துக்கு நகர்ந்தன. சாலை ஊரைக் கிழித்துக்கொண்டு போன இடங்களில் பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும் ஒரு பக்கம், வீடுகள் மறுபக்கம் என்றாகி, கடந்து போகும் முதியவர்களும் பிள்ளைகளும் உயிரைக் கொடுக்கிறார்கள். நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் இரவு நேரத்தில் மீன் லாரியும் சுற்றுலா வேனும் நேருக்கு நேர் முந்தப் பார்ப்பது இந்தப் பக்கம் வாழ்கிற எல்லோருக்கும் தெரிந்த காட்சி.

புறவழிச்சாலை என்றதும் கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், பெற்றோர்கள் ஆதரிப்பார்கள். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு நுணுக்கத்தை நாம் கவனிப்பதில்லை. லாரி ஊருக்குள் வராமல் போவது வேறு. பேருந்து ஊருக்குள் வராமல் போவது வேறு. தூத்துக்குடிக்குத் தெற்கே காயல்பட்டினத்தைப் பாருங்கள். திருச்செந்தூர் – தூத்துக்குடிப் பேருந்துகள் ஊருக்குள் வராமல் அடைக்கலாபுரம் வழியாகச் சென்றுவிடுகின்றன என்ற புகார் அங்கே பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. சில நிமிடம் மிச்சமாகிறது என்பது ஓட்டுநருக்கு லாபம். இரவில் பெட்டியோடு வழியில் இறக்கிவிடப்படும் குடும்பத்துக்கு அது பெரும் சிரமம். பேருந்து எந்த வழியில் போக வேண்டும் என்பது வழித்தட அனுமதியில் எழுதப்பட்டிருக்கும் விஷயம். ஆகவே புறவழிச்சாலை வரும் ஊர்கள் சாலை திறக்கும் முன்பே, பேருந்துகள் ஊருக்குள் வந்து செல்ல வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். திறந்த பிறகு கேட்டால் காயல்பட்டினத்தின் அனுபவம்தான் நமக்கும்.

அடுத்து, எண். சாலைக்கு என்ன எண் போட்டால் நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் மாநில நெடுஞ்சாலை என்ற பட்டம் போய்த் தேசிய நெடுஞ்சாலை என்ற பட்டம் வரும்போது பல விஷயங்கள் மாறுகின்றன. மாமல்லபுரம் – புதுச்சேரி இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. புதுச்சேரியிலிருந்து கடலூர், நாகை, தொண்டி, இராமநாதபுரம் வழியாகத் தூத்துக்குடி செல்வது தேசிய நெடுஞ்சாலை 32. இதில் ஒரு வேடிக்கை: 32-ம் எண் சாலை சென்னைப் பக்கம் கடற்கரையில் தொடங்குவதில்லை, தாம்பரம், திண்டிவனம் வழியாக உள்நாட்டில் வந்து புதுச்சேரியில்தான் கடலைத் தொடுகிறது. மக்கள் ஒரே சாலையாக நினைப்பது அரசுக் கோப்பில் இரண்டு மூன்று சாலைகள். மனு எழுதுபவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். ஊர் சாலைக்கு நெடுஞ்சாலைத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது தேசிய நெடுஞ்சாலைப் பிரிவின் பொறுப்பாக இருக்கும்.

எண்ணின் வலிமைக்கு நமக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. 2016 டிசம்பர் 15 அன்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில்தான், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள்தொகை 20,000-க்கும் குறைந்த ஊர்களில் அந்தத் தூரம் பிறகு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகளை மூட வேண்டி வந்தது. உடனே என்ன நடந்தது? ஊர் எல்லைக்குள் வரும் மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்றித் தீர்மானம் போடச் சொன்னார்கள். சாலை அதே சாலை, பெயர்ப்பலகை மட்டும் மாறினால் மதுக்கடை திறக்கலாம்! சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு அப்படிக் கடை திறப்பதை 2017 ஏப்ரலில் தற்காலிகமாகத் தடுத்தது. பிறகு நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே தளர்த்திவிட்டது வேறு கதை. மதுக்கடைக்கு எதிராகத் தெருவில் நின்று போராடிய நம் பெண்கள், ஒரு சாலையின் எண் தங்களுக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் எப்படி மாறுகிறது என்பதை அந்தச் சில மாதங்களில் கண்டார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நிலம்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. 3ஏ பிரிவின் கீழ் அறிவிக்கை வெளியாகும். அதன் சாரம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வரும், அதில் ஒன்று தாய்மொழி இதழாக இருக்க வேண்டும். அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுத்தில் தர வேண்டும். அதன் பிறகு 3டி பிரிவின் கீழ் அரசு அறிவித்துவிட்டால் அந்த நொடியே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். பிறகு பேசுவதெல்லாம் இழப்பீட்டுத் தொகையைப் பற்றித்தான்.

21 நாள். சபரில் இருக்கும் அண்ணனிடம் கேட்டு, அவர் லீவில் வந்து, குடும்பம் கூடிப் பேசி முடிப்பதற்குள் அது கடந்துவிடும். அறிவிக்கையில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் புல எண்கள்தான் இருக்கும். தம் வீட்டின் புல எண் என்னவென்று தெரிந்த குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் எத்தனை?

புல எண்ணைவிடப் பெரிய சிக்கல், அந்த எண்ணுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்பது. பட்டா பல வீடுகளில் இன்றும் மவுத்தாகி முப்பது, நாற்பது வருடமான அப்பாவின், பாட்டனாரின் பெயரில் இருக்கிறது. இல்லையென்றால் மூத்த மகன் ஒருவர் பெயரில் மட்டும் மாறியிருக்கிறது. சாதாரண நாளில் இது யாரையும் உறுத்துவதில்லை. எல்லோரும் ஒரே குடும்பம்தானே என்போம். இழப்பீட்டுக் காசோலை வரும் நாளில் அது பட்டாதாரர் பெயருக்கு வரும். சகோதரிகளின் பங்கு அங்கேதான் காணாமல் போகிறது. அல்லாஹ் குர்ஆனில் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுத்த பங்கு அது. மகனுக்கு இரண்டு பாகம் என்றால் மகளுக்கு ஒரு பாகம் என்று மிம்பரில் நாங்கள் சொல்கிறோம், நீங்களும் கேட்கிறீர்கள். ஆனால் வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டில் அந்த ஒரு பாகம் எங்கே? பெண்ணுக்குச் சீர் செய்து கட்டிக் கொடுத்துவிட்டோம், அதுவே அவள் பங்கு என்று சொல்லும் வீடுகளுக்கு மார்க்கத்தில் ஆதாரம் கிடையாது.

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் நிலைமை வேறு. அங்கே வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். நல்ல பழக்கம்தான். ஆனால் பல இடங்களில் அந்த ஹிபா வாய்மொழியாக நடந்தது. வாய்மொழி ஹிபா ஷரீஅத்தில் செல்லும். முஸ்லிம் ஹிபாவுக்குப் பதிவு கட்டாயமில்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. செல்லும் என்பது ஒன்று, 21 நாளில் ஓர் அதிகாரியின் முன் நிரூபிப்பது இன்னொன்று. யாருக்கு எவ்வளவு என்ற தகராறு எழுந்துவிட்டால் நெடுஞ்சாலைச் சட்டம் அதை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடும். பிறகு பணம் அங்கே கிடக்கும், வீடு இடிந்து கிடக்கும், கூடப் பிறந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு கசப்பான விஷயம். சந்தை விலையைக் கணக்கிடும்போது, அந்தப் பகுதியில் அண்மையில் பதிவான விற்பனைப் பத்திரங்களையும் வழிகாட்டி மதிப்பையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, நாற்பது லட்சத்துக்கு வாங்கிய மனையைப் பத்து லட்சம் என்று எழுதிப் பதிவு செய்யும் பழக்கம் நம் ஊர்களிலும் இருக்கிறது. அப்படி எழுதிய பொய் ஒரு நாள் ஊருக்கே திரும்பி வரும். உங்கள் பத்திரத்தைக் காட்டித்தான் உங்கள் பக்கத்து வீட்டு விதவையின் மனைக்கும் விலை போடுவார்கள். ஆறுதல் தொகையும் வட்டியும் தேசிய நெடுஞ்சாலை நிலங்களுக்கும் உண்டு என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நல்ல செய்தி. ஆனால் ஆறுதல் தொகையும் அடிப்படை விலையின் விழுக்காடுதானே. அடிப்படையே பொய்யாக இருந்தால்?

வக்ஃப் சொத்துக்கு வருவோம். சாலையோரப் பள்ளிவாசலும் மையவாடியும் அளவைக் கோட்டுக்குள் வந்தால் உணர்ச்சி பொங்குவது இயற்கை. அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கையகப்படுத்தும் நிலம் வக்ஃப் என்று தெரிய வந்தால், தீர்வம் பிறப்பிக்கும் முன் வாரியத்துக்கு அறிவிப்புத் தர வேண்டும், வாரியம் ஒரு தரப்பாக வந்து வாதாட மூன்று மாதம் உண்டு என்பது வக்ஃப் சட்டத்தின் 91-வது பிரிவு. வக்ஃப் என்று தெரிய வருவது எப்படி? ஆவணத்தில் இருந்தால்தான். 2025-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நீண்டகாலப் பயன்பாட்டால் ஒரு சொத்து வக்ஃப் ஆகும் என்ற பழைய ஏற்பாடு இனிமேலுக்கு நீக்கப்பட்டுவிட்டது. அந்தச் சட்டத்தின் சில பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் நிறுத்தி வைத்திருந்தாலும், பதிவு இல்லாத சொத்தின் நிலை முன்பைவிடப் பலவீனமானது என்பதில் ஐயமில்லை. இருநூறு வருடமாக மையவாடி என்று ஊருக்கே தெரியும், ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்கு என்றிருக்கும். முத்தவல்லிகள் இதை இன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது? கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபு. அந்த மத்ஹபில் ஒரு முறை பள்ளிவாசலாக வக்ஃப் ஆனது இடிந்து போனாலும் பள்ளிவாசல்தான். விற்கவோ மாற்றவோ முடியாது. உள்நாட்டில் நம் ராவுத்தர் சமுதாயம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், நிபந்தனைகளோடு வக்ஃப் சொத்தை மாற்றிக்கொள்ள வழி சொல்லப்பட்டிருக்கிறது. அது மட்டுமல்ல, சாலை விசாலமாகவும் பள்ளி நெருக்கடியாகவும் இருந்தால், நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் சாலையிலிருந்து சிறிது பள்ளிக்கு எடுக்கலாம் என்றும், தேவை நேரும்போது பள்ளியின் பகுதியிலிருந்து மக்கள் நடக்க வழி விடலாம் என்றும் ஹனஃபி நூல்கள் பேசுகின்றன. ஹன்பலி அறிஞர்கள், கூஃபாவில் பைத்துல் மால் திருடப்பட்டபோது பள்ளிவாசலை வேறு இடத்துக்கு மாற்றும்படி உமர் (ரலி) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களுக்கு எழுதியதை ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆகவே எந்த ஊரிலும் ஒரு மத்ஹபின் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரைத் துரோகி என்று சொல்லும் நிலை வரக்கூடாது. அரசோடு பேசப் போகும் முன்பே உலமாக்களைக் கூட்டி, எந்த எல்லை வரை விட்டுக்கொடுக்கலாம், எங்கே முடியாது என்று ஜமாஅத் ஒரே குரலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. முதல் கோரிக்கை எப்போதும் ஒன்றுதான்: கோட்டைச் சில மீட்டர் தள்ளுங்கள். கோடு வரைபடத்தில் இருக்கும் வரை அது நடக்கக்கூடியது. கல் நட்ட பிறகு கடினம்.

அரசு கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க உமர் (ரலி) அவர்கள் சுற்றியிருந்த வீடுகளை வாங்கினார்கள். நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் வீட்டைத் தர மறுத்தார்கள். கலீஃபா கட்டாயப்படுத்தவில்லை. இருவரும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் தீர்ப்புக்குச் சென்றார்கள். தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக, அப்பாஸ் (ரலி) அவர்களுக்குச் சாதகமாக வந்தது. உரிமை உறுதியான பிறகு, அப்பாஸ் (ரலி) அவர்கள் தாமாகவே அந்த வீட்டைப் பள்ளிக்காகக் கொடுத்தார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் பதிவு செய்கிறார்கள். பொது நன்மை என்ற ஒரு சொல்லால் தனிமனிதனின் உரிமை அழிந்துவிடாது. உரிமை இருக்கிறது என்பதற்காகப் பொது நன்மையைத் தடுத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. உரிமையும் பொது நன்மையும் அந்த ஒரே நிகழ்ச்சியில் இருக்கின்றன.

நம் பக்கத்துக் குறையையும் பேசாமல் விட்டால் இது ஒரு பக்கக் கணக்காகிவிடும். பாதையின் அளவில் கருத்து வேறுபாடு வந்தால் ஏழு முழம் விடும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். சாலையின் அகலத்துக்குச் சட்டம் சொன்ன மார்க்கம் நம்முடையது. பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளை என்று மதரஸாவில் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் ஜும்ஆ நேரத்தில் ஈ.சி.ஆர். ஓரத்தில் இரண்டு வரிசை கார்களை நிறுத்தி, ஆம்புலன்ஸ் திணறுவதைப் பார்க்கிறோம். கடையின் தகரக் கூரை ஆண்டுக்கு ஓர் அடியாகச் சாலைக்குள் நீளுகிறது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கை, பக்கத்து வீட்டு நிலத்துக்கு மட்டுமா, அரசுச் சாலைக்கு இல்லையா? ஆக்கிரமிப்பில் நிற்கும் கட்டடத்துக்கு இழப்பீடு கேட்கும்போது நம் மற்ற நியாயமான கோரிக்கைகளும் சேர்ந்து பலவீனமாகின்றன. அளவைக்காரர் வரும் முன் நாமாக ஒதுங்கிக்கொண்டால், மையவாடிக்காகப் பேசும்போது நம் குரல் எடுபடும்.

ஊருக்கு ஊர் நிலை வேறாக இருக்கும். ஆனாலும் ஒரு வேலையை எல்லா மஹல்லாவும் இந்த மாதமே தொடங்கலாம். ஈ.சி.ஆரிலிருந்து இரு பக்கமும் நூறு மீட்டருக்குள் வரும் வீடு, கடை, தோப்பு, வக்ஃப் நிலம் அனைத்துக்கும் ஒரு பட்டியல்: புல எண், பட்டாவில் உள்ள பெயர், உண்மையான வாரிசுகளின் பெயர்கள், அதில் பெண்களின் பெயர்கள் தனியாக. பட்டதாரிப் பிள்ளைகள் நாலு பேர் இருந்தால் போதும், தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பெரும்பகுதியை எடுத்துவிடலாம். பட்டா பெயர் தவறாக இருக்கும் குடும்பங்களை ஜமாஅத் அலுவலகத்துக்கு ஒருவர் பின் ஒருவராக அழைத்து, பாகப்பிரிவினையை எழுத்தில் முடிக்கச் சொல்லலாம். அந்தக் கூட்டத்துக்குச் சகோதரர்கள் மட்டும் வந்தால் போதாது. சகோதரிகளையும் அழைத்து வரச் சொல்லுங்கள்.